புறா பறக்கவில்லை: ஒரு படத்தை வைத்து மனச்சிதைவைப் படித்துக்கொள்வது எப்படி

முதலில் ஒரு நோட்டு வேண்டும். 80 பக்க நோட்டு போதும். பக்கத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு போட்டால் மூன்று கட்டம் கிடைக்கும். இடது கட்டத்தின் தலையில் 'என்ன செய்தார்' என்றும், நடுவில் 'அவருக்கு என்ன தெரிந்தது' என்றும், வலதில் 'வீட்டாருக்கு என்ன தெரிந்தது' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம்தான் படத்தைப் போட வேண்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் மனநலப் பாடம் எடுக்கிறேன். 14 வருடம் ஆகிறது. பிள்ளைகளை மனநல வார்டுக்கு போஸ்டிங் அனுப்புவதற்கு முந்தின வாரம் 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்தைத் திரையிடுவது வழக்கம். 2001இல் வந்த படம். இயக்கியவர் ரான் ஹோவர்ட். மனச்சிதைவு என்னும் ஸ்கிசோஃப்ரினியா நோய் வந்த கணித மேதை ஜான் நாஷாக ரஸ்ஸல் குரோவும் அவருடைய மனைவி அலிசியாவாக ஜெனிஃபர் கானலியும் நடித்திருக்கிறார்கள். சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. முதல் வருடம் நோட்டு இல்லாமல், சும்மா படத்தைப் போட்டுவிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் 'மனைவியின் அன்பு நோயை வென்றது' என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, படமே அப்படித்தான் முடிகிறது. ஆனால் அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு வார்டில் ஒரு கேஸ் ஷீட் கூட எழுத முடியாது. அடுத்த வருடம் பிள்ளைகள் கைக்கும் நோட்டு வந்தது.

படத்தின் ரகசியத்தை இனிமேல் உடைத்துப் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் படத்தை எப்படியும் இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

முதல் தடவை நோட்டை மூடி வையுங்கள். படம் உங்களை நாஷின் மண்டைக்குள்ளேயே உட்கார வைக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அறைத் தோழன் சார்லஸ் வருகிறான், குடிக்கிறான், மேஜையை ஜன்னல் வழியாகத் தள்ளுகிறான். பிறகு பார்ச்சர் என்ற தொப்பிக்கார அதிகாரி வந்து, ரஷ்யர்களின் ரகசியக் குறியீட்டைப் பத்திரிகைகளில் கண்டுபிடிக்கச் சொல்கிறார். சார்லஸின் அண்ணன் மகளோ அக்கா மகளோ, மார்ஸி என்ற சிறுமி ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். பாதிப் படம் தாண்டிய பிறகுதான் இந்த மூன்று பேரும் இல்லாதவர்கள் என்று தெரிகிறது. நாமும் அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம். அந்த ஏமாற்றம் வீணாகாது. 'அது பொய்யின்னு அவருக்குத் தெரியாதா மேம்?' என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பிள்ளை கேட்கும். 'உனக்குத் தெரிஞ்சுதா?' என்று திருப்பிக் கேட்பேன்.

இரண்டாம் தடவை நோட்டைத் திறங்கள். இடது கட்டத்தில் எழுத ஒரே ஒரு விதி: கேமரா பிடிக்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். 'பைத்தியம் மாதிரி நடந்துகொண்டார்' என்று எழுதினால் அடித்துவிடுவேன். 'வித்தியாசமாக இருந்தார்' என்பதும் கூடாது. 'பத்திரிகைகளை வெட்டிச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார்' என்றால் சரி. 'கேள்வி கேட்டதும் பதில் வரவில்லை, பார்வை பக்கவாட்டில் போய்விட்டுத் திரும்பியது' என்றால் மிகச் சரி. வார்டில் நைட் டூட்டி சிஸ்டர் எழுதிவைப்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும்: இரண்டு மணிக்கு எழுந்தார், கட்டிலில் உட்கார்ந்து உதடு அசைத்தார், தண்ணீர் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

எல்லாவற்றையும் நோய் என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் செய்யும் முதல் தப்பு இது. ஆரம்பக் காட்சியில் நாஷ் ஒருவருடைய டையைப் பார்த்து, அது ஏன் இத்தனை மோசமாக இருக்கிறது என்பதற்குக் கணித விளக்கம் இருக்கலாம் என்கிறார். பெண்ணிடம் சுற்றிவளைக்காமல் பேசி அறை வாங்குகிறார். வகுப்புக்குப் போவதில்லை. இதெல்லாம் கூச்சமும் கர்வமும் கலந்த ஓர் ஆளின் குணம். அந்த மாதிரி ஆட்கள் நம் தெருவிலும் நாலு பேர் இருக்கிறார்கள், யாரும் மாத்திரை சாப்பிடுவதில்லை. உண்மையான நாஷ் 1950இல் இருபத்தெட்டே பக்கத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தபோது நோய் தலைகாட்டவில்லை. 1959இல், முப்பது வயதில்தான் முதல் தடவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். படம் கதைக்காக அதை மாணவப் பருவத்துக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

புறாவுக்கு வருவோம். மாணவராக இருக்கும்போது நாஷ் வெளியே உட்கார்ந்து புறாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவற்றின் அசைவுக்கு ஒரு கணக்குக் கண்டுபிடிக்கும் எண்ணம். பல வருடம் கழித்து மார்ஸி புறாக்கூட்டத்துக்குள் ஓடுகிறாள். ஒரு புறாகூட எழும்பிப் பறக்கவில்லை. முதல் தடவை பார்க்கையில் கண்ணில் படாது. படக்குழு வேண்டுமென்றே வைத்த துப்பு அது. எங்கள் வகுப்பில் அதைக் கண்டுபிடித்தது பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை. வீட்டில் கோழி வளர்க்கிறவள். 'மேம், குழந்தை உள்ள ஓடுது, புறா ஒண்ணும் பறக்கலையே' என்றாள். திரும்ப ஓட்டிப் பார்த்தோம். புறாவின் அசைவைக் கணக்குப் போட உட்கார்ந்த மனிதர், புறா அசையாததைக் கவனிக்கவில்லை. புத்தி குறைந்துபோனதால் அல்ல. அவருடைய புத்தி முழுவதும் இன்னொரு வேலையில் இருக்கிறது. இந்த நோய்க்காரர்களுக்கு அறிவு இல்லை என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இப்போது நடுக் கட்டம். இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்து எழுதப் பழக வேண்டும். இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதும் ஹாலுசினேஷன். எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் அசையாத தப்பான நம்பிக்கை டெல்யூஷன். சார்லஸ் முதல் வகை. 'பத்திரிகையில் எனக்கு மட்டும் செய்தி வருகிறது' என்பது இரண்டாவது வகை.

இந்த இடத்தில் படம் ஒரு பெரிய பொய் சொல்கிறது, அதை மாணவர்களிடம் சொல்லாமல் விட்டால் பாடம் கெட்டுவிடும். உண்மையான நாஷ் ஆட்களைப் பார்த்ததே இல்லை. அவருக்கு இருந்தவை நம்பிக்கைகள், பிற்பாடு குரல்கள். மனச்சிதைவில் அதிகம் வருவது குரல்தான். இரண்டு பேர் இவரைப் பற்றித் தங்களுக்குள் பேசுவது போல, இவர் செய்வதையெல்லாம் வர்ணனை செய்வது போலக் கேட்கும். சினிமாவில் குரலை மட்டும் வைத்து இரண்டே கால் மணி நேரம் ஓட்ட முடியாது, அதனால் குரலுக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டி ஆளாக்கிவிட்டார்கள். சினிமாவுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் இதை நம்பி வார்டுக்குப் போகும் பிள்ளை, 'உங்களுக்கு யாராவது தெரியுறாங்களா?' என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திரும்பி வந்துவிடும். பக்கத்துக் கட்டில்காரர் காதில் பஞ்சு அடைத்திருப்பதைப் பார்க்காது. அந்தப் பஞ்சு இடது கட்டத்தில் எழுதவேண்டிய விஷயம்.

உண்மை நாஷின் டெல்யூஷன்கள் படத்தில் இருப்பதைவிட விசித்திரமானவை. அவர் பாடம் நடத்திய அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஒரு நாள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, வேற்றுக்கிரகத்தார் அதன் வழியாகத் தனக்குச் சேதி அனுப்புவதாகச் சொன்னார். சிவப்பு டை கட்டியவர்களைக் கண்டு சந்தேகப்பட்டார். சிகாகோ பல்கலைக்கழகம் வேலை தர முன்வந்தபோது, தான் அண்டார்டிகாவின் சக்கரவர்த்தி ஆகப்போவதால் வர இயலாது என்று பதில் எழுதினார். இப்படிப்பட்ட விஷயங்களை எப்படி நம்பினீர்கள் என்று மருத்துவமனையில் ஒரு நண்பர் கேட்டதற்கு, கணிதக் கருத்துகள் எப்படித் தோன்றினவோ அதே வழியில்தான் இவையும் தோன்றின, அதனால் நம்பினேன் என்றார். இந்தப் பதிலைப் போர்டில் எழுதிப்போடுவேன். டெல்யூஷன் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் என் பாடப்புத்தகத்தில் இல்லை.

நடுக் கட்டத்துக்கு ஒரு காட்சியை மட்டும் கூர்ந்து பாருங்கள். நாஷ் ரகசிய உறைகளை ஒரு பழைய மாளிகையின் தபால் பெட்டியில் போட்டுவந்தார் அல்லவா? அலிசியா அங்கே போய், அத்தனை உறைகளையும் அள்ளிக்கொண்டு வந்து மருத்துவமனையில் அவர் முன்னால் வைக்கிறாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. இதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்? சாதாரணக் கதையில் இந்த இடத்தில் நாயகன் மனம் மாறுவான். நாஷ் என்ன செய்கிறார்? பார்ச்சர் தன் கைக்குள் பொருத்தியதாக நம்பும் கருவியைத் தேடி, தன் முன்கையைத் தானே ரத்தம் வரக் கிழிக்கிறார். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கையில் உறை, இன்னொரு கையில் ரத்தம், நம்பிக்கை எங்கே போயிற்று என்று மட்டும் கேட்டு எழுதச் சொல்வேன். அது அப்படியே இருக்கிறது, கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வாதாடி ஜெயிக்க முடியாது என்று வகுப்பில் பத்து தடவை சொன்னாலும் ஏறாத விஷயம் இந்த ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். நாங்கள் வார்டில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். மறுக்காதே, ஆமாம் போடாதே. 'உங்களுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, பயமாக இருக்கிறதா?' என்று கேள்.

வலது கட்டம்தான் காலியாகக் கிடக்கும். பிள்ளைகள் நாஷையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அலிசியாவை மறந்துவிடுவார்கள். அதனால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு வரும் பகுதியைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒருமுறை போடுவேன். நாஷ் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை அழுகிறது. முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. எழுந்து போகவும் இல்லை. மனைவி பக்கத்தில் வந்தால் விலகிப் படுக்கிறார். அலிசியா குளியலறைக்குப் போய்க் கண்ணாடியை உடைத்துவிட்டுக் கத்துகிறாள். நெகட்டிவ் சிம்டம்ஸ் என்று நாங்கள் சொல்வது இந்த உட்கார்ந்திருத்தலைத்தான். முகபாவம் வற்றிப்போவது, பேச்சு குறைவது, எதிலும் ஈடுபாடு அற்றுப்போவது. பாதி நோய், பாதி மாத்திரையின் மந்தம். இரண்டையும் வெளியிலிருந்து பிரிப்பது டாக்டருக்கே சிரமம். சினிமாக்காரர்களுக்கு இது பிடிக்காது, ஒன்றும் நடக்காத காட்சியை யார் பார்ப்பார்கள்? இந்தப் படம் கொஞ்ச நேரமாவது காட்டியிருக்கிறது, அதற்காக அதன் மற்ற பொய்களை மன்னிக்கிறேன். ஓ.பி.யில் வரும் அம்மாக்கள் குரலைப் பற்றி ஒரு வரி சொன்னால் இதைப் பற்றிப் பத்து வரி சொல்வார்கள். 'குளிக்க மாட்டேங்கான் சிஸ்டர். சாப்பாட்ட வச்சா அப்படியே இருக்கு. சோம்பேறின்னு அவுக அப்பா அடிச்சிட்டாக.'

குப்பைக் காட்சியும் இந்தப் பகுதியில்தான் வருகிறது. பத்து நிமிடம்தான் நேரம் இருக்கிறது என்றால் படத்தில் இதை மட்டும் போடுங்கள். இரவு. நாஷ் குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். அவர் யாருடனோ பேசும் குரல் அலிசியாவுக்குக் கேட்கிறது. உள்ளே வந்ததும் யாரிடம் பேசினீர்கள் என்று கேட்கிறாள். குப்பை அள்ள வந்தவரிடம் என்கிறார். ராத்திரியில் குப்பை அள்ள வரமாட்டார்களே என்கிறாள். அவள் முகத்தைப் பாருங்கள், மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று முடிவே செய்துவிட்ட முகம். அப்போது வெளியே சத்தம். எட்டிப் பார்க்கிறாள். குப்பை வண்டி நிற்கிறது, ஆட்கள் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் முதல் தடவை இதைப் பார்த்தபோது, வண்டி வருவதற்கு முன்னாலேயே இடது கட்டத்தில் 'ஹாலுசினேஷன், மீண்டும்' என்று எழுதிவிட்டேன். பிறகு அடித்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளிடம் சுற்றுக்கு விடுவேன். நோய்ப் பெயர் ஒன்று ஒட்டிக்கொண்ட பிறகு அந்த ஆள் சொல்லும் உண்மையும் அறிகுறிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வார்டில் ஒருவர் 'சோத்துல ஏதோ கிடக்கு' என்றார். டெல்யூஷன் என்று எழுதப்போன பிள்ளையிடம் தட்டைக் கிளறிப் பார்க்கச் சொன்னேன். ஸ்டேப்ளர் பின் இருந்தது.

மாத்திரையை நிறுத்திய பிறகு வரும் பகுதியில் இடது கட்டம் வேகமாக நிரம்பும். மாத்திரைகளை மேஜை டிராயரில் சின்ன டப்பாவில் சேர்த்துவைக்கிறார், காட்டுக்குள் ஒரு கொட்டகையில் பழையபடி காகிதங்களை ஒட்டுகிறார். துணி எடுக்க வந்த அலிசியா ரேடியோச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்க்கிறாள். அப்போது வீட்டில் குளியல் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, உள்ளே குழந்தை. சார்லஸ் பார்த்துக்கொள்கிறான் என்பது நாஷின் பதில். இந்தக் காட்சியை ஆபத்தான நோயாளி என்று பிள்ளைகள் எழுதுவார்கள். மெதுவாகத் திருத்துவேன். அவர் குழந்தையைக் கொல்லப் போகவில்லை. ஆள் இருக்கிறது என்று நம்பி விட்டுவிட்டுப் போனார். அடிப்பார்களா என்று பயந்துகொண்டு வார்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

பிறகு மழையில், காருக்கு முன்னால் நின்று நாஷ் சொல்கிறார்: மார்ஸிக்கு வயதே ஏறவில்லை, அதனால் அவள் உண்மையாக இருக்க முடியாது. கைதட்டல் வாங்கும் இடம். எனக்குக் கொஞ்சம் சங்கடம். தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வு, இன்சைட் என்போம், இப்படி ஒரே மழையில் வருவது அபூர்வம். வரும், போகும், பாதி வந்து நிற்கும். ஆனாலும் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். உண்மையான நாஷ் நோபல் பரிசுக்காக எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், அரசியல் சார்ந்த தன் பிரமைகளை அறிவுக்கு வீண்வேலை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கத் தொடங்கியதைச் சொல்கிறார். அதற்குப் பல வருடம் பிடித்தது.

மாத்திரை விஷயத்தில் ஜாக்கிரதை. படத்தின் கடைசியில் நாஷ் புதிய மருந்துகள் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். உண்மையில் அவர் 1970க்குப் பிறகு மருந்து எடுக்கவில்லை. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். எல்லோருக்கும் நாஷ் மாதிரி தானாகத் தணியாது, நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நோய் திரும்பும், சிலருக்கு முன்னைவிடக் கடுமையாக. படத்தில் அந்த வசனத்தை வைத்தவர்கள் வரலாற்றுக்குத் துரோகம் செய்தார்கள். ஒரு நர்ஸாக எனக்கு அதில் புகார் இல்லை. இன்சுலின் ஊசி போட்டதும் வலிப்பு வரும் காட்சியைப் பார்த்து இன்னும் இப்படிச் செய்வார்களா என்று கேட்பார்கள். இல்லை. நாஷுக்கு 1961இல் டிரென்டன் மருத்துவமனையில் அது நடந்தது, வழக்கொழிந்து வெகுகாலம் ஆயிற்று.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மனச்சிதைவு என்றதும் நம் ஆட்களுக்கு அம்பி, ரெமோ, அந்நியன் ஞாபகம்தான் வரும். 2005 படம் செய்த வேலை. ஓர் ஆளுக்குள் மூன்று ஆள் என்பது வேறு நோய். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908இல் சுவிட்சர்லாந்து டாக்டர் ஆய்கன் ப்ளூலர் வைத்தபோது, பிளவு என்ற பொருளில் கிரேக்கச் சொல்லை எடுத்தார். அவர் சொன்னது எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையே இருக்கும் பிடிப்பு விட்டுப்போவதை. நாஷ் படம் முழுக்க ஒரே நாஷ்தான்.

கடைசியாக எழுதவேண்டிய காட்சி, நோபல் பரிசைப் பற்றிப் பேச ஒருவர் கல்லூரிக்கு வருவது. நாஷ் அவரை முன்பின் பார்த்ததில்லை. பக்கத்தில் நிற்கும் மாணவியைப் பார்த்து, 'இவர் உனக்குத் தெரிகிறாரா?' என்று கேட்கிறார். தெரிகிறார் என்கிறாள். சரி, இனி பேசலாம். இதை மூன்று கட்டத்திலும் எழுதலாம், படத்தில் மூன்றும் ஒரே வரியில் சேரும் இடம் இது ஒன்றுதான். நோய் போகவில்லை, அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டார். 1994இல் நாஷுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது, ஹர்சானி, செல்டன் என்ற வேறு இரண்டு அறிஞர்களோடு பகிர்ந்துகொண்டார். படத்தில் மனைவியைப் பார்த்து மேடையில் பேசும் உரை கற்பனை. 1963இல் அவர்கள் விவாகரத்து செய்ததும், 1970இல் அலிசியா அவரைத் திரும்பத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டதும், 2001இல் மறுபடி கல்யாணம் செய்துகொண்டதும் படத்தில் இல்லை. வலது கட்டத்தில் எழுத அதில்தான் எவ்வளவு இருந்தது!

குழுவாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். கதவைப் பூட்டாதீர்கள், விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். உலகத்தில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய். அறையில் நாற்பது பேர் இருந்தால், அவர்கள் வீடுகளையும் உறவுகளையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது நடுவில் எழுந்து போவார்கள். எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை குளியல் தொட்டிக் காட்சியில் எழுந்து போனாள். மறுநாள் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இடதும் நடுவும் காலி. வலது கட்டத்தில் மட்டும், மணி மணியான கையெழுத்தில், ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். 'அரிவாள்மனையை எடுத்துப் பரணில் வைத்தார்.' 'வாசல்படியில் பாய் விரித்துப் படுத்தார், அவன் வெளியே போனால் முழிப்பு வரட்டும் என்று.' 'கேட்பவர்களிடம் சென்னையில் வேலை பார்க்கிறான் என்று சொன்னார்.' படத்தில் எந்தக் காட்சி இது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்புறம் பத்துக்குப் பத்து போட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் அவள் கையில் கொடுத்தேன்.